சுனைக்குள் இறங்கிய முறுக்குச் சம்படம்

அடுத்த வீட்டில் குங்கிலியம் காய்ச்சுகிறார்கள். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கசிகிறதாம், அடைக்கப் போகிறார்களாம். அடைக்கட்டும், எனக்கென்ன? ஆனால் அந்தப் புகை சுவரேறிக் குதித்து நம் அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, காலையிலிருந்து என்னை ஒரு வேலை பார்க்க விடவில்லை. துவைத்த சேலையையே மறுபடி துவைத்தேன். வாசலுக்கு வருகிறேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் கொல்லைக்குப் போகிறேன். உலை கொதித்து வழிந்து அடுப்பே அணைந்துபோனதும்தான், சரி, இவரிடமே சொல்லித் தொலைப்போம் என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதற்குள் நம் புதுக்கோட்டைச் சமஸ்தானமும் போய்விட்டது. நம்மைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்துவிட்டார்கள். கீரனூர்க்காரர்கள் அன்றைக்கும் திருச்சிக்குத்தான் பஸ் ஏறினார்கள், இன்றைக்கும் அதே பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். வேறென்ன மாறியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நம் போட்டோ ஸ்டூடியோவை உங்கள் தம்பி நடத்துகிறார். கல்யாண ஜோடிகளை நிறுத்திவைத்து, "சிரிங்க, சிரிங்க" என்கிறார். நீங்கள் யாரையும் சிரிக்கச் சொன்னதில்லை. "மூச்ச நிறுத்துங்க" என்பீர்கள். பாவம், மாப்பிள்ளையும் பெண்ணும் முழி பிதுங்க நிற்பார்கள்.

குங்கிலிய வாசம் என்றதும் நீங்கள் எதை நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என் சம்படத்தைத்தானே? நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வயிற்றெரிச்சலோடு.

அந்தப் பாழாய்ப்போன இங்கிலீஷ் பத்திரிகையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. படம் எடுக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் நாற்காலியிலேயே அதை விட்டுவிட்டுப் போனார். அதில் கடலுக்கு அடியில் மீன்கள் போகிற படம் ஒன்று. மேலேயிருந்து எடுத்ததல்ல. மீனோடு மீனாக நின்று எடுத்தது. "தண்ணிக்குள்ள கேமராவக் கொண்டு போயிருக்கான் புள்ள. எப்பிடி நனையாமக் கொண்டு போனான்?" என்று கேட்டீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? சாப்பிடும்போது கேட்டீர்கள், படம் கழுவும்போது கேட்டீர்கள், பால் ஊற்ற வந்தவரிடம்கூடக் கேட்டீர்கள். உங்களுக்கு நீச்சல் தெரியாது. குளத்தில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. அப்படிப்பட்ட மனுஷனுக்குத் தண்ணீருக்கடியில் படம் எடுக்க வேண்டும் என்று வந்த ஆசையை நான் எங்கே போய்ச் சொல்ல?

ஒருநாள் நான் கோயிலுக்குப் போய்த் திரும்பினால், என் கல்யாணச் சீரில் வந்த பித்தளைச் சம்படத்தின் அடியில் தேங்காய் மூடி அளவுக்கு ஓட்டை. என்னைப் பெற்ற ஆத்தா கும்பகோணத்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தது. நிறைய முறுக்குச் சுட்டு வைத்திருந்தேன்.

"முறுக்கு எங்கே?" என்றேன்.

"பானையில கொட்டி வச்சிருக்கேன். ஒண்ணுகூட ஒடையல" என்றீர்கள். ஒன்றுகூட உடையவில்லையாம்! அன்றைக்கு நான் பேச்சை நிறுத்தினேன். நீங்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அந்த ஓட்டையில் வட்டமாக அறுத்த கண்ணாடியைப் பொருத்தி, கோட்டைப்பட்டினத்துத் தோணிக்காரர்கள் தோணியை அடைக்கிற மாதிரி குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, கண்ணாடியைச் சுற்றி ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். சம்படத்தின் மூடிக்கு சைக்கிள் ட்யூபை வெட்டி வளையமாகப் போட்டு, மேலே கம்பியால் இறுக்கிக் கட்டினீர்கள். உள்ளே உங்களிடமிருந்த சின்னப் பெட்டிக் கேமரா கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் கண், கண்ணாடி வழியாக வெளியே பார்த்தது.

தண்ணீர் புகுகிறதா என்று பார்க்கக் கேமராவையே வைத்து முக்குவீர்களோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அந்த மட்டுக்கு உங்களுக்கும் புத்தி இருந்தது. பொரித்த அப்பளம் ஒன்றை உள்ளே வைத்துக் கட்டி, அண்டாத் தண்ணீரில் அமுக்கினீர்கள். வெளியே எடுத்து அப்பளத்தைக் கடித்துப் பார்த்தோம். நமத்திருந்தது. மறுபடி குங்கிலியம், மறுபடி அப்பளம். வீட்டில் உளுந்தப்பளம் தீர்ந்து, அரிசியப்பளமும் தீரப்போகிற சமயத்தில், ஒருநாள் எடுத்த அப்பளம் கடக்கென்று உடைந்தது. நீங்கள் பாதி, நான் பாதி. பேச்சை நிறுத்தியிருந்தவள் அன்றைக்குத்தான் சிரித்தேன். நமத்ததையெல்லாம் தின்று தீர்த்ததும் நான்தான், அதை நீங்கள் மறக்கக் கூடாது.

ஆனால் அந்தச் சம்படத்தில் ஒரு குறை இருந்தது. உள்ளே கேமராவை வைத்துக் கட்டிவிட்டால் அதன் விசையைத் தட்ட முடியாது. விசைக்கு ஓட்டை போட்டால் தண்ணீர் புகும். அதற்கும் நீங்களே வழி கண்டுபிடித்தீர்கள். ஸ்டூடியோவில் பெரிய கேமராவின் கண்ணில் தொப்பி மாதிரி ஒரு மூடி போட்டிருப்பீர்களே, அதை எடுத்து, ஆளை அசையாமல் நிற்க வைத்து, மறுபடி மாட்டினால் படம் முடிந்தது. அதே கதைதான் இதற்கும். கேமராவின் விசையைத் திறந்த நிலையிலேயே வைத்து, உள்ளே வைத்துக் கட்டிவிட வேண்டியது. வெளிக் கண்ணாடிக்கு மேல் இறுக்கமாக ஒரு தகர மூடி. தண்ணீருக்குள் போனதும் அந்த மூடியை எடுத்து, கொஞ்ச நேரம் விட்டு, திரும்ப மாட்டினால் போதும். இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளை பெற்றவன் மாதிரி இருந்தது.

எல்லாம் தயார். எடுப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. உலகச் சண்டை நடந்த காலம். பிலிம் கிடைக்கவில்லை. அந்தச் சின்னக் கேமராவுக்குள் இருந்த சுருளில் ஒரே ஒரு படம் மிச்சம். கோயில் குளத்துப் பாசியை எடுத்து அதை வீணாக்க உங்களுக்கு மனசு வரவில்லை. சம்படம் பரண்மேல் போயிற்று. நீங்கள் மட்டும் நிலைகொள்ளாமல் அலைந்தீர்கள்.

அந்த வருஷமும் மழை இல்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை. நான் என் பிறந்த ஊருக்குப் போயிருந்தேன், அன்னவாசலுக்குத் தெற்கே. வாயும் வயிறுமாக இருந்த என் தங்கை பிரசவத்துக்கு அங்கேதான் வந்திருந்தாள். எங்கள் ஊர்க் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கிணறுகளில் சேறு. ஊரே பாறை மேலிருக்கிற சுனையில் முறை வைத்துத் தண்ணீர் எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சுனையின் பக்கச் சுவரில் உள்ளே குடைந்து ஒரு சின்னக் கோயில் உண்டு, அதற்குள் ஒரு லிங்கம். எந்நாளும் தண்ணீருக்குள்ளேயே இருக்கிற சாமி. மழை அடியோடு பொய்த்துப்போனால் சுனையை ஒட்ட இறைத்து அந்தச் சாமி முகத்தை ஊர் பார்க்க வேண்டும், பார்த்தால் மழை வரும் என்பது எங்கள் ஊர் வழக்கம். என் அய்யா பிறப்பதற்கு முன்னால் ஒருதடவை இறைத்தார்களாம்.

இப்போது மறுபடி இறைக்கப் போகிறார்கள் என்றாள் ஆத்தா. இறைத்து, சாமியைப் பார்த்து, மழையும் வராமல் போய்விட்டால்? இருக்கிற ஒரு வாய்த் தண்ணீரும் பாறையில் ஓடிப் போயிருக்கும். ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போக வேண்டியதுதான். என் தங்கையால் அன்னவாசல் வரைக்கும்கூட நடக்க முடியாது. பிள்ளை பிறந்தால் குளிப்பாட்டத் தண்ணீருக்கு எங்கே போவது?

அவ்வளவு தூரமும் புலம்பிக்கொண்டே வந்து, வாசலில் கால் வைக்கும்போதே உங்களிடம் கொட்டினேன். நீங்கள் என்னைத் தேற்றுவீர்கள் என்று பார்த்தால், பரணையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"அவுகளுக்குச் சாமி மொகத்தப் பாக்கணும், அவ்வளவுதான? தண்ணிய எறைக்கணும்னு இல்லையே?" என்றீர்கள்.

அந்த நிமிஷம் உங்களைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பின்னாலேயே, இவருக்குத் தண்ணீர் முக்கியமா படம் முக்கியமா என்று ஒரு கோபமும் வந்தது. இரண்டும்தான் என்று இப்போது தெரிகிறது.

ஸ்டூடியோவின் நிலைக்கண்ணாடியைப் போர்வையில் சுற்றி, பெட்ரோல் இல்லாத நாளில் ஓடிய கரி பஸ்ஸில் ஏற்றினோமே, ஞாபகம் இருக்கிறதா? சுனைக்குள் இருட்டாக இருக்கும், உச்சி வெயிலைக் கண்ணாடியில் வாங்கி உள்ளே அடிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். கண்டக்டர், "என்னங்க, கண்ணாடியும் சம்படமுமா? பொண்ணு பாக்கப் போறீகளா?" என்றார். "பாத்தாச்சு, இந்தா ஒக்காந்திருக்கு" என்று என்னைக் காட்டினீர்கள். பஸ்ஸே சிரித்தது. மேட்டில் பஸ் ஏறாமல் எல்லாரும் இறங்கித் தள்ளினபோது நீங்கள் மட்டும் இறங்காமல் கண்ணாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். மாப்பிள்ளைக்கு மாமனார் ஊர் எல்லையிலேயே மரியாதை போயிற்று.

ஊர்க்கூட்டத்தில் அம்பலகாரர், எங்கள் ஊருக்குத் தலைவர், நீங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "சரி மாப்ள. ஒங்க படத்துல சாமி மொகம் விழுந்துச்சுன்னா எறைக்கல. விழுகலையா, வெள்ளிக்கெழம காலையில எறகூடையக் கட்டிருவோம். அப்பறம் யாரும் குறுக்க பேசக் கூடாது."

நீங்கள் தலையாட்டினீர்கள். "சரி, உள்ள யாரு எறங்குறது?" என்று ஒருவர் கேட்டார். அதை நாம் இருவருமே யோசிக்கவில்லை! ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாரும் நீந்துவார்கள், எனக்குக் கிணற்றில் நீச்சல் பழக்கிய என் அண்ணன் உட்பட. ஒருவரும் முன்னுக்கு வரவில்லை. தண்ணீர் நிற்கும்போது கோயிலுக்குள் இறங்கினவனைச் சாமி திருப்பி அனுப்பாது என்று ஒரு பேச்சு சின்ன வயசிலிருந்தே எங்கள் காதில் ஏறியிருந்தது.

"நான் எறங்குறேன்" என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து.

அய்யா எழுந்தே விட்டார். நீங்கள் கூட்டத்தைத் தாண்டி என் பக்கம் வந்தீர்கள், அத்தனை பேர் பார்க்க. "வேணாம் புள்ள. படமும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஊருக்கு வா" என்றீர்கள். ஒரு வருஷமாகச் சோறு இறங்காமல் அலைந்த மனுஷன்!

"பொட்டி செஞ்சது நீங்க. ஓட்டை போட்டது என் சம்படத்துல. நான் எறங்காம யாரு எறங்குறது?" என்றேன். எனக்கு அப்போது தங்கையின் வயிறுதான் கண்ணுக்குள் நின்றது.

பொம்பளை இறங்கலாமா என்று ஒரு சத்தம் கிளம்பியது. பூசாரிதான் அதை அடக்கினார். "தெனம் தண்ணி எடுக்குறது யாரு? பொம்பளைகதான? முழங்கால் வரைக்கும் நனைஞ்சுதான் எடுக்குறாக. சாமி ஒண்ணும் சொல்லலையே. எறங்கட்டும்."

அதே பூசாரிதான் மறுநாள் நம் தலையில் மண்ணைப் போட்டதும். வேண்டுமென்று இல்லை, மரியாதையாகத்தான். சுனைக்கரையில் சம்படத்தை வைத்துச் சூடம் காட்டினார். புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்க வேண்டாமா? முகம் எது என்று பார்த்தார். கண்ணாடிதான் முகம். நட்டநடுவில் கட்டை விரலால் அழுத்தி ஒரு பெரிய பொட்டு வைத்தார். நீங்கள் தோள் துண்டை எடுத்துத் துடைக்கப் போனீர்கள்.

"தொடைக்காதீங்க மாப்ள! வெறும் நெத்தியோடவா சாமி முன்னாடி போறது?" என்றார்.

உங்கள் கை அப்படியே நின்றது. சொந்த ஊராக இருந்தால் துடைத்திருப்பீர்கள், சண்டையும் போட்டிருப்பீர்கள். பெண் எடுத்த ஊரில், பூசாரி வைத்த பொட்டை, அத்தனை பேர் முன்னால் எப்படித் துடைப்பது? "சந்தனந்தான் புள்ள. தண்ணியில கரைஞ்சிரும்" என்று என் காதில் சொல்லிவிட்டு, அதன் மேலேயே தகர மூடியை மாட்டினீர்கள். அது சந்தனமாக இருந்திருந்தால் கரைந்திருக்கும். அது நெய்யில் குழைத்த செந்தூரம்.

காற்று அடைத்த சம்படம் மிதக்கும் என்று அதனடியில் எங்கள் வீட்டு அம்மிக் குழவியைக் கட்டினீர்கள். கண்டாங்கியை வரிந்து கட்டிக்கொண்டேன். இடுப்பில் வடம். அதன் மறுநுனி என் அண்ணன் கையில். நீங்கள் எதிர்ப் பாறையில் நிலைக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். எவ்வளவு நேரம் மூடியைத் திறந்து வைக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "ஒனக்கு மூச்சு முட்டுற வரைக்கும். அதுக்கு மேல ஒரு நொடி இருக்காத" என்றீர்கள்.

இறங்கினேன். ரெண்டு ஆள் ஆழம். குழவி என்னை இழுத்துக்கொண்டு போனது. கால் தரையைத் தொட்டதும் சம்படத்தைக் கோயில் முன்னால் ஒரு கல்படியில் வைத்தேன், கோயிலைப் பார்க்கத் திருப்பினேன், மூடியை எடுத்தேன். அங்கே கண்டதைப் பிறகு சொல்கிறேன். இப்போது சொன்னால் கை ஓடாது. மூச்சு முட்டியதும் மூடியை மாட்டினேன், வடத்தை இழுத்தேன். மேலே வந்தபோது கரையில் ஒரே குலவைச் சத்தம். என் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சாமி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டது!

நீங்கள் அன்றைக்கே படத்தைக் கழுவச் சம்படத்தோடு புதுக்கோட்டை ஸ்டூடியோவுக்குப் போனீர்கள். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் திரும்பி வந்தீர்கள். படத்தை என்னிடம்கூடக் காட்டவில்லை. முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று தெரிந்துகொண்டேன்.

புளியமரத்தடியில் அம்பலகாரர் கையில் படத்தைக் கொடுத்தீர்கள். ஓரத்தில் மங்கலாகக் கல் நிலை. கீழே ஆவுடையாரின் விளிம்பு கொஞ்சம். நடுவில், சாமி இருக்க வேண்டிய இடத்தில், கன்னங்கரேலென்று ஒரு திட்டு, ஓரமெல்லாம் பஞ்சு மாதிரி கலைந்து. படம் கைமாறிக் கைமாறிப் போனது. திடீரென்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"ஏய், மேகம்யா! கருமேகம்! சாமி மேகத்தக் காட்டியிருக்குடோய்!"

அவ்வளவுதான். ஊரே எழுந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்பலகாரரே சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. தண்ணீர் தப்பித்தது, தங்கை தப்பித்தாள், நாம் மெதுவாக வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றீர்கள். ஐயோ, வாயைத் திறக்காதீர்களே என்று நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

"மேகம் இல்லைங்க. பொட்டு. கண்ணாடியில வச்ச செந்தூரம் கரையாம ஒட்டிக்கிருச்சு. அது மறைச்சிருச்சு. சாமி விழுகலைங்க."

அந்த நேரம் உங்களை என்ன செய்தாலும் என் ஆத்திரம் தீர்ந்திருக்காது. யார் கேட்டார்கள் உங்களை? ஊர் சந்தோஷமாக இருந்தது. ஒரு வாய்ச் சொல்லை விழுங்கினால் குடலா வெந்துவிடும்? அரிச்சந்திரன் பேரன்! பூசாரி முகம் சுண்டிப்போனது. அம்பலகாரர் படத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். "அப்பச் சாமி மொகம் தெரியல. பேசுனபடி காலையில எறைக்க வேண்டியதுதான்" என்றார். என் தங்கை என் கையைப் பிடித்தாள்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ! "படத்துல விழுகலைன்னா என்ன? நான் பாத்தேன்ல?" என்றேன். "ஊரு பாக்கணும்னுதான பேச்சு? நான் இந்த ஊருல பெறந்தவ இல்லையா? இந்தக் கண்ணு ஊருக் கண்ணு இல்லையா?"

அம்பலகாரர் என்னையே பார்த்தார். "பாத்தியா?"

"பாத்தேன்."

"சாமி எப்பிடி இருக்கு?"

உள்ளதைச் சொன்னேன். "சின்னதா இருக்கு. ஒரு பக்கம் லேசாச் சாஞ்சிருக்கு. தலையில நத்தை ஒட்டியிருக்கு. குளுகுளுன்னு இருக்கு."

பெண்கள் பக்கம் யாரோ, "பின்ன குளுந்து கெடக்குற சாமிய எதுக்குய்யா வெளிய இழுத்துப் போடுறீக?" என்று முணுமுணுத்தார்கள். ஆனால் ஒரு இளவட்டம் குறுக்கே விழுந்தார். "தங்கச்சிக்காக அக்கா சொல்லுது. இத எப்பிடி நம்புறது?"

நியாயமான கேள்விதான். பதிலை அம்பலகாரர் சொன்னார். அவர் கை உங்களைக் காட்டியது.

"அந்த ஆளு மேகம்னு சொல்லியிருந்தா நாம கும்புட்டுட்டுப் போயிருப்போம். பொட்டுன்னு சொன்னாரு. தனக்கு நட்டம்னு தெரிஞ்சே சொன்னாரு. அந்த வீட்டுப் பேச்ச நம்பலாம். எறைக்க வேண்டாம், எந்திரிங்க."

எல்லாரும் எழுந்தார்கள். நீங்கள் மட்டும் உட்கார்ந்தீர்கள். உங்களை வைதுகொண்டிருந்த என் வாய் அன்றைக்கு அடங்கியதுதான். உங்கள் உண்மையால் தண்ணீர் போகப் பார்த்தது. அதே உண்மையால்தான் நின்றது. இதை எத்தனையோ தடவை புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். உங்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

மழை உடனே ஒன்றும் வரவில்லை. அது பாட்டுக்கு, அதற்குத் தோன்றினபோது வந்தது. அதுவரைக்கும் சுனை ஊருக்கு ஊற்றியது. தங்கைக்குப் பெண் பிறந்தது. அவளுக்கு முதல் குளிப்பாட்டு அந்தத் தண்ணீரில்தான். பூசாரி, தான் வைத்த பொட்டுதான் மேகமாகி மழையாக இறங்கியது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். நீங்கள் அதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு, உடனே முகம் மாறிவிடும்.

ஏனென்றால் உங்களுக்கு அந்தப் படம் ஆறவே இல்லை. பொட்டு நடுவை மறைத்தது, சரி. ஓரங்களும் ஏன் அவ்வளவு மங்கலாக விழுந்தன? "வெளிச்சம் எப்பிடிப் பத்தாமப் போச்சு புள்ள? உச்சி வெயிலு. கண்ணாடி நல்ல பெல்ஜியம் கண்ணாடி. நேரா உள்ளதான அடிச்சேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இன்னொரு சுருள் கிடைக்கவே இல்லை. கிடைக்காத சுருளுக்காகச் சம்படத்துக்கு மறுபடி மறுபடி குங்கிலியம் பூசினீர்கள். படுத்தால் புரண்டீர்கள். திடீரென்று எழுந்து, "சரி, நீ பாத்ததையாவது சொல்லு. எப்பிடி இருந்துச்சு?" என்பீர்கள். சாய்ந்திருந்தது என்பேன். நத்தை என்பேன். "அது இல்ல. வெளிச்சம் எப்பிடி விழுந்துச்சு? அதச் சொல்லு" என்பீர்கள். நான் எதையாவது சொல்லி மழுப்புவேன். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போவேன். கடைசியாக விஷக் காய்ச்சலில் கிடந்தபோதும் கேட்டீர்கள். அப்போதும் மழுப்பினேன்.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று இல்லை. சொன்னால் உங்கள் ரோஷம் என்னாகும் என்று பார்த்தேன். தூங்குகிற குழந்தையைப் படம் எடுத்தாலும் துளி அசையாமல் எடுக்கிற கை என்று ஊரெல்லாம் பேர் வாங்கினவர் நீங்கள். இனி யாருக்காக மறைப்பது? உட்காருங்கள், சொல்கிறேன்.

மூடியை எடுத்ததும் நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் மேலேயிருந்து அனுப்பின வெளிச்சம் சாமிமேல் வந்து விழுந்தது. விழுந்த இடத்தில் நிற்கவில்லை. உதறியது. தண்ணீர் அசைந்தால் வெளிச்சம் வலைவலையாக நெளியும், கிணற்றில் நீந்தி வளர்ந்த எனக்கு அது தெரியாதா? இது அப்படி இல்லை. மொத்த வெளிச்சமும் வெடவெடவென்று, சாமி தலையிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து என் கைக்கு, என் கையிலிருந்து மறுபடி சாமிக்கு என்று ஓர் இடத்தில் தங்காமல் அடித்துக்கொண்டது. மேலே நீங்கள் நடுங்கிக்கொண்டிருந்தீர்கள். படத்துக்காக இல்லை என்று அந்த ஆழத்தில் வைத்தே எனக்குப் புரிந்துவிட்டது. அத்தனை நேரமும் எனக்குள் இருந்த பயம் போய்விட்டது. அதனால்தான் மூச்சு அவ்வளவு நேரம் தாங்கியது. நான் மேலே வந்ததும் எல்லாரும், "சாமியப் பாத்தியா, சாமியப் பாத்தியா" என்று மொய்த்துக்கொண்டார்கள். ஆமாம் என்றேன். பொய்யில்லை, பார்த்தேன். ஆனால் இப்போது கண்ணை மூடினால் எனக்குச் சாமி தெரிவதில்லை. நத்தை தெரிவதில்லை. அந்த வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. அது இன்னும் நடுங்குவதை நிறுத்தவில்லை.